டம்மி டக்: தொப்பை போகுமா, தோல் மட்டும் போகுமா?

மார்ச் 3 · புதுவரவு

டம்மி டக் என்பது கொஞ்சம் பெரிய லைப்போசக்‌ஷன்தானே? தொப்பை எவ்வளவு இருந்தாலும் எடுத்துவிடுவார்கள், ஒரு வாரம் வயிற்றை இறுக்கும் பெல்ட், இரண்டாவது வாரம் வேலை. இதற்குப் போய் ஆளாளுக்கு ஏன் பயமுறுத்துகிறார்கள்?

மார்ச் 3 · தையல்காரர்

மூன்றும் தப்பு. வரிசையாக வருகிறேன்.

லைப்போசக்‌ஷன் குழாய் விட்டுக் கொழுப்பை உறிஞ்சுவது. தளர்ந்த தோலுக்கு அதனால் பயனில்லை. உள்ளே இருந்ததை எடுத்தபின் தோல் முன்பைவிடத் தொங்கவும் செய்யலாம். டம்மி டக்கில் நடப்பது வேறு. அடிவயிற்றில், முடி வளரும் இடத்தை ஒட்டி, ஒரு பக்க இடுப்பெலும்பிலிருந்து மறுபக்கம் வரை கீறுவார்கள். தோலையும் அதன் கீழுள்ள கொழுப்பையும் ஒரே படலமாக விலா எலும்பு வரை தூக்கிப் பிரிப்பார்கள். நடுக்கோட்டில் விலகிப்போன தசைகளைத் தைத்து நெருக்குவார்கள். பிறகு ஆபரேஷன் கட்டிலை இடுப்பில் மடக்கி, ஆளை அரைவாசி உட்கார்ந்த நிலைக்குக் கொண்டுவந்து, மேலிருக்கும் தோலைக் கீழே இழுத்து, மிஞ்சியதை வெட்டித் தைப்பார்கள். முழு மயக்கம், இரண்டிலிருந்து நான்கு மணி நேரம்.

இதில் போவது பெரும்பாலும் தொப்புளுக்கும் கீறலுக்கும் இடைப்பட்ட தோலும் அதோடு ஒட்டிய கொழுப்பும். அவ்வளவுதான். குடலைச் சுற்றிச் சேர்ந்திருக்கும் உட்கொழுப்பை இந்த அறுவை தொடுவதே இல்லை.

மார்ச் 3 · தையல்காரர்

விட்டுப்போனது. உங்கள் தொப்பை எந்த வகை என்று பார்க்க ஸ்கேன் வேண்டாம். மல்லாந்து படுங்கள். வயிறு இடுப்பெலும்புகளுக்கு நடுவில் சரிந்து தட்டையானால் பிரச்சினை தோலிலும் தசையிலும். அறுவைக்கு வேலை உண்டு. படுத்த பிறகும் வயிறு கூரை மாதிரி எழுந்து நின்றால் அது உட்கொழுப்பு. அதன்மேல் எவ்வளவு இறுக்கித் தைத்தாலும் உள்ளிருந்து தள்ளும். அப்படிப்பட்டவர் முதலில் எடையைக் குறைத்துவிட்டு வர வேண்டும்.

மார்ச் 4 · இரவுப்பணி

தொப்புளைப் பற்றிச் சொல்லவில்லையே. "தொப்புளை இடம் மாற்றுவார்களாமே" என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

மார்ச் 4 · தையல்காரர்

தொப்புள் எங்கும் போவதில்லை. அதைச் சுற்றி வட்டமாக வெட்டி, தண்டோடு வயிற்றுச் சுவரிலேயே விட்டுவிடுவார்கள். மேல்தோல் கீழே இறங்கி வந்ததும், தொப்புள் நிற்கும் இடத்துக்கு நேரே அந்தத் தோலில் புதுத் துளை போட்டு வெளியே எடுத்துத் தைப்பார்கள். ஊரே நகர்ந்தாலும் அவர் மட்டும் அதே வீட்டில்.

இதனால் ஒன்று கவனிக்க வேண்டும். முன்பு தொப்புளில் ஹெர்னியா அறுவை செய்திருந்தால் அந்தத் தண்டுக்கு ரத்தம் வரும் வழி ஏற்கெனவே பாதி அடைபட்டிருக்கலாம். சொல்லாமல் விட்டால் தொப்புள் கறுத்துப் போக வாய்ப்பு. பழைய அறுவைகள் எல்லாவற்றையும் சொல்லுங்கள். குறிப்பாகப் பித்தப்பைக்காக வலது விலாவின் கீழே சரிவாகக் கிழித்த பழைய தழும்பு. தோலைத் தூக்கிய பிறகு அதற்கு ரத்தம் பக்கவாட்டிலிருந்துதான் வந்தாக வேண்டும். அந்தத் தழும்பு வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். லேப்ராஸ்கோப்பித் துளைகள் அந்த அளவுக்குத் தொல்லை இல்லை.

மார்ச் 4 · புதுவரவு

சிசேரியன் தழும்பு?

மார்ச் 4 · தையல்காரர்

பெரும்பாலும் வெட்டியெடுக்கும் தோலோடு போய்விடும். தொப்புளுக்குக் கீழுள்ள பிரசவ வரிகளும் அப்படியே. தொப்புளுக்கு மேலுள்ள வரிகள் போகாது, கீழே இறங்கி வரும். "எல்லா வரியும் போய்விடும்" என்று யாராவது உறுதி சொன்னால் வரிகள் எங்கே இருக்கின்றன என்று கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 5 · தையல்காரர்

என் முதல் குறிப்பில் ஒரு திருத்தம். "தசைகளைத் தைத்து" என்று எழுதிவிட்டேன். தசையை யாரும் தைப்பதில்லை. தைத்தால் ஊசி பிடிக்காது, கிழியும். தசையின் மேல் வெள்ளையாக ஓர் உறை உண்டு, அதைத்தான் இரு பக்கமிருந்தும் மடித்து நடுவில் தைக்கிறார்கள், மார்புக்கூட்டின் அடியிலிருந்து அடிவயிறு வரை. கர்ப்பத்தில், வயிற்றின் முன்பக்கம் மேலிருந்து கீழாக ஓடும் இரண்டு நேர்தசைகளும் பக்கத்துக்கு விலகி, நடுவே உள்ள இணைப்பு நைந்த துணி மாதிரி அகன்றுவிடும். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி என்றால் விலகல் என்று கணக்கு. படுத்துக்கொண்டு தலையை மட்டும் தூக்கினால் நடுவில் முகடு எழுவது அதனால்தான்.

சின்னத் திருத்தம்தான், ஆனால் ஓய்வுக் காலம் முழுக்க இதில்தான் தொங்குகிறது. உறையின் இரு மடிப்புகளும் ஒட்டிப் பலப்படும்வரை பிடித்து வைத்திருப்பது நூல் மட்டும். ஆறு வாரம் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்காதே என்று சொல்வது அதற்காக. குழந்தையும் அந்தக் கணக்கில் சேரும். அது எடைபார்த்துக்கொண்டு வந்து இடுப்பில் ஏறாது. நீங்கள் கட்டிலில் உட்கார்ந்தபின் மற்றவர் தூக்கி மடியில் வைக்க வேண்டும்.

மார்ச் 5 · மூன்றாம்வார்டு

உடற்பயிற்சியால் இந்த விலகல் மூடாதா?

மார்ச் 5 · தையல்காரர்

பிரசவத்துக்குப் பின் முதல் சில மாதங்களில் தானாகவே கணிசமாகக் குறையும். அதன்பின் பிசியோதெரபி தசையைப் பலப்படுத்தும், முதுகுக்கு நல்லது, இடைவெளியும் கொஞ்சம் நெருங்கலாம். அகன்ற இணைப்பைப் பழைய அகலத்துக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் நடக்காது. தோல் விஷயத்தில் எந்தப் பயிற்சியும் எதுவும் செய்யாது.

மார்ச் 7 · இரவுப்பணி

முதல் பத்து நாள் எப்படி இருக்கும் என்பதை யாரும் ஒழுங்காக எழுதுவதில்லை. எழுதுகிறேன்.

எழுந்ததும் தெரிவது வலியைவிட இறுக்கம். நிமிர முடியாது, நிமிரவும் கூடாது. கட்டிலை மடக்கி வைத்துத்தானே தைத்தார்கள். அந்த மடிப்பிலேயேதான் நீங்கள் இருக்க வேண்டும். படுக்கையில் முதுகுப்பக்கம் சாய்வாக உயர்த்தி, முழங்காலின் கீழே இரண்டு தலையணை. குனிந்தபடியே நடை. ஏழிலிருந்து பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக நிமிரலாம். மூன்றாவது நாளில் பெரும்பாலானவர்கள் புலம்புவது வயிற்றைப் பற்றியல்ல, முதுகைப் பற்றி. குனிந்தே நடந்தால் முதுகுதான் பாரம் சுமக்கிறது. கைத்தடியோ வாக்கரோ வைத்துக்கொள்ள வெட்கப்பட வேண்டாம்.

எழுந்திருக்க வயிற்றைப் பிடித்து இழுக்கக்கூடாது. பக்கவாட்டில் புரண்டு, கால்களைக் கட்டிலுக்கு வெளியே விட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். இருமல், தும்மல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். சிரிப்புக்கும் அதே வைத்தியம். நகைச்சுவை பார்ப்பதை இரண்டாவது வாரத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.

மலச்சிக்கல் வந்தே தீரும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். மயக்க மருந்து, வலிமாத்திரை, படுக்கை மூன்றும் சேர்ந்து குடலை நிறுத்திவிடும். முக்கினால் தைத்த உறையில் இழுவை. வலுவான வலிமாத்திரை தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்குவது நல்லது, நான்கு நாள் காத்திருந்து அல்ல. வலிமாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பல கூட்டு மாத்திரைகளில் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு நான்கு கிராம் தாண்டக்கூடாது, உடல் எடை குறைவானவர்களுக்கு அதைவிடவும் குறைவு.

பிறப்புறுப்புப் பகுதி வீங்கும், நீலம் பாரிக்கும். நீர் கீழே இறங்குவதால்தான். கேட்க வெட்கப்பட்டு இரவெல்லாம் பயந்துகொண்டிருப்பவர்கள் அதிகம் என்பதால் எழுதுகிறேன்.

மார்ச் 7 · புதுவரவு

உள்ளே சேரும் நீரை வெளியேற்ற வைக்கும் டிரெய்ன் குழாய் எத்தனை நாள்?

மார்ச் 7 · இரவுப்பணி

நாள் கணக்கு இல்லை, மில்லி கணக்கு. குழாயின் முனையில் நீர் சேரும் குமிழ் இருக்கும். ஒவ்வொரு குமிழையும் தனித்தனியாக அளந்து எழுதி வையுங்கள். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே, அதுவும் தொடர்ந்து இரண்டு நாள் இருந்தால் எடுப்பார்கள். சிலர் 20 வரை இறங்கட்டும் என்பார்கள். பொதுவாக ஒன்றிலிருந்து இரண்டு வாரம். முதலில் சிவப்பு, பிறகு இளஞ்சிவப்பு, கடைசியில் வைக்கோல் நிறம். போன நிறம் திரும்பி அடர்சிவப்பாகக் குமிழ் திடீரென்று நிறைந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது, உடனே போன் செய்யுங்கள். குமிழ் அமுங்கிய நிலையில் இருந்தால்தான் உறிஞ்சும். உப்பிப்போய் நின்றால் அது வெறும் பாட்டில். குளிக்கும்போது கழுத்தில் ஒரு நாடாவில் மாட்டிக்கொள்ளலாம்.

மார்ச் 8 · தையல்காரர்

இரவுப்பணி சொன்னதோடு ஒன்று. டிரெய்னே இல்லாமலும் செய்கிறார்கள். தூக்கிய தோல்படலத்தை அடியிலுள்ள உறையோடு பல இடங்களில் உள்தையல் போட்டு ஒட்டவைத்தால் நீர் தேங்க வெற்றிடம் இருக்காது. அமெரிக்காவின் பொல்லாக் இருவர் 2000ஆம் ஆண்டில் இந்த முறையை எழுதினார்கள். தையலுக்கு அரை மணி, முக்கால் மணி கூடுதலாகும். டிரெய்ன் வைக்கவில்லை என்றால் மருத்துவர் மறந்துவிட்டார் என்று எண்ண வேண்டாம்.

நீர் தேங்குவதற்குப் பெயர் சீரோமா. இந்த அறுவையில் அடிக்கடி வரும் சிக்கல் அதுதான். டிரெய்ன் எடுத்து எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக இருக்கும் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வரும். அடிவயிற்றை ஒரு பக்கம் தட்டினால் மறுபக்கம் அலை ஓடும். ஊசியால் உறிஞ்சுவார்கள், அந்த இடம் மரத்திருப்பதால் வலிக்காது, ஒருமுறையில் தீராமல் நாலைந்து முறையும் ஆகலாம். கவனிக்காமல் விட்டால் அதைச் சுற்றி உறை கட்டிக்கொள்ளும், பிறகு அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

மார்ச் 8 · மூன்றாம்வார்டு

மரத்துப்போவதை ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். தொப்புளுக்குக் கீழே மாதக்கணக்கில் உணர்ச்சி இருக்காது, ஒரு சிறு பகுதி நிரந்தரமாகவே மரத்துப்போகலாம். அதனால் வெந்நீர்ப் பை, ஹீட்டிங் பேட் இரண்டும் தடை. முதுகுவலிக்கு வைப்பது சரி, முன்பக்கம் வைக்காதீர்கள். தோல் வெந்தாலும் தெரியாது. ஐஸ் கட்டியும் அப்படியே. தொடையின் வெளிப்பக்கம் எரிந்தாலோ மரத்தாலோ இடுப்பெலும்பு அருகே போகும் ஒரு நரம்பு தையலில் இழுபட்டிருக்கலாம்; சொல்லிவிடுங்கள்.

மார்ச் 10 · தையல்காரர்

இதுவரை சொன்னதெல்லாம் தொல்லைகள். உயிருக்கு ஆபத்தான ஒன்றைத் தள்ளிப்போட்டுவிட்டேன், முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போவது. அழகுக்காகச் செய்யும் அறுவைகளில் இந்த அபாயம் அதிகமுள்ளவற்றில் டம்மி டக் ஒன்று. காரணம் புரிந்தால் யாரும் அலட்சியமாக இருக்க மாட்டார்கள். நீண்ட மயக்கம், மடக்கிய இடுப்பு, தசையை இறுக்கியதால் வயிற்றுக்குள் ஏறிய அழுத்தம், அதன்மேல் பெல்ட். காலிலிருந்து மேலே வரும் ரத்தத்துக்கு நாலா பக்கமும் தடை. ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை, உடல்பருமன், குடும்பத்தில் ரத்த உறைவு வந்த வரலாறு எல்லாம் அதோடு சேரும். காப்ரினி என்றொரு மதிப்பெண் முறையில் இவற்றைக் கூட்டிப் பார்த்து, தேவைப்பட்டால் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் வகை ஊசி போடுவார்கள். மேசையில் இருக்கும்போதே கெண்டைக்காலில் காற்றழுத்த உறை ஓட வேண்டும். அன்று மாலையே எழுந்து சில அடிகள் நடக்க வேண்டும். வலிக்கிறது என்று இரண்டு நாள் படுத்தே கிடப்பதுதான் இதில் செய்யக்கூடிய மிக மோசமான காரியம்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால், மூச்சிழுக்கும்போது நெஞ்சில் குத்தினால், இருமலில் ரத்தம் வந்தால், அடுத்த நாள் தேதி வாங்காதீர்கள். நேரே அவசரப் பிரிவு. முதல் சில வாரங்கள், வீட்டுக்கு வந்த பிறகும்.

மார்ச் 10 · புதுவரவு

ஒரு நாளைக்கு இரண்டு சிகரெட்தான். அதையும் நிறுத்த வேண்டுமா?

மார்ச் 10 · தையல்காரர்

ஆம். நான்கு வாரம் முன்பு, நான்கு வாரம் பின்பு, குறைந்தபட்சம். நிக்கோட்டின் பேட்ச், சூயிங்கம், வேப் எதுவும் கூடாது. நுரையீரலுக்காக மட்டும் சொல்வதில்லை இது. மேலே சொன்னேனே, தூக்கிய தோலுக்கு ரத்தம் பக்கவாட்டிலிருந்து மட்டும் வருகிறது என்று. அது போய்ச் சேர வேண்டிய கடைசி எல்லை அடிவயிற்றின் நடு, கீறலுக்குச் சற்று மேல். இழுவையும் அங்கேதான் அதிகம். நிக்கோட்டின் சிறு ரத்தக்குழாய்களைச் சுருக்கினால் முதலில் பட்டினி கிடப்பது அந்த இடம். முதல் வாரத்தில் ஊதா நிறமாகி, பிறகு கறுத்து, தோல் செத்துப்போகும். அந்தப் புண்ணைக் கட்டிக் கட்டி ஆற்றப் பல வாரம், சில நேரம் மாதங்கள். ஆறிய பின் அகலத் தழும்பு.

சில மருத்துவர்கள் அறுவைக்கு முன் சிறுநீரில் கோட்டினின் சோதிப்பார்கள், நிக்கோட்டின் உடம்பில் விட்டுச்செல்லும் தடயம் அது. நிறுத்திவிட்டேன் என்று பொய் சொன்னால் மருத்துவர் ஏமாறலாம், தோல் ஏமாறாது.

மார்ச் 11 · இரவுப்பணி

அதே பட்டியலில்: ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ, மூலிகை மருந்துகள் எல்லாவற்றையும் மருத்துவரிடம் காட்டி, எதை எப்போது நிறுத்துவது என்று கேளுங்கள். இதயத்துக்காக எழுதிக்கொடுத்த ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்த வேண்டாம். எடை குறைய ஊசி போடுபவர்கள், செமாக்ளுடைட் போன்றவை, மயக்க மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அந்த ஊசி இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். வழக்கமான ஆறு மணி நேரப் பட்டினிக்குப் பிறகும் உணவு உள்ளே இருந்து மயக்கத்தில் மேலே வந்தால் நுரையீரலுக்குப் போகும்.

மார்ச் 13 · புதுவரவு

சரி, எப்போது செய்யலாம் என்று சொல்லுங்கள். இன்னொரு குழந்தை பற்றி முடிவு செய்யவில்லை.

மார்ச் 13 · தையல்காரர்

முடிவு செய்த பிறகு. அறுவைக்குப் பின் கர்ப்பம் ஆபத்து என்பதல்ல; வயிறு பெருக்கும், குழந்தை வளரும். தைத்ததும் இழுத்ததும் திரும்பத் தளரும், அவ்வளவுதான். கடைசிப் பிரசவத்துக்குப் பின் குறைந்தது ஆறு மாதம், பால் நிறுத்திச் சில மாதம். எடை ஆறு மாதமாக ஒரே இடத்தில் நிற்க வேண்டும். எடைக்குறைப்பு அறுவை செய்தவர்கள் ஒன்று, ஒன்றரை வருடம் காத்திருப்பது வழக்கம். இரும்புச்சத்து, புரதம் இரண்டையும் சோதித்துச் சரிசெய்துகொண்டு வரட்டும். பலவீனமான உடம்பில் இவ்வளவு நீளத் தையல் சேராது. அவர்களுக்குப் பக்கவாட்டிலும் தோல் மிஞ்சியிருக்கும், அதனால் நடுவில் செங்குத்தாக இன்னொரு கீறல் சேர்த்துத் தலைகீழ் டி வடிவில் வெட்ட வேண்டி வரலாம்.

மார்ச் 13 · மூன்றாம்வார்டு

மினி டம்மி டக்?

மார்ச் 13 · தையல்காரர்

சிறிய கீறலில் கீழ்வயிற்றை மட்டும் இறுக்குவது. தொப்புளுக்குக் கீழே மட்டும் தளர்வு இருப்பவருக்கு. பெயர் சின்னதாக இருப்பதால் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள், பொருந்துவது சிலருக்குத்தான். மேல்வயிறு தளர்ந்தவருக்கு மினி செய்தால் கீழே தட்டை, மேலே மூட்டை.

மார்ச் 16 · மூன்றாம்வார்டு

தழும்பு பற்றி. முதல் மூன்று மாதம் சிவந்து, தடித்து, முன்பைவிட மோசமாகும். அப்போதுதான் பலர் படம் எடுத்துப் போட்டு அழுகிறார்கள். ஒன்று, ஒன்றரை வருடத்தில் வெளுத்துத் தட்டையாகும். புண் முழுதாக மூடிய பின் தழும்பின் மேல் சிலிகோன் ஷீட், நாளில் 12 மணி நேரமாவது, இரண்டு மூன்று மாதம். வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உடம்பில் வேறெங்காவது கெலாய்ட், அதாவது காயத்தைத் தாண்டித் தடித்து வளரும் தழும்பு, வந்திருந்தால் கத்தி வைக்கும் முன்பே சொல்லுங்கள்.

நாலு முதல் எட்டு வாரத்தில் கீறல் மேல் பரு மாதிரி ஒன்று எழுந்து, நுனியில் நூல் எட்டிப் பார்க்கலாம். உள்தையல் கரையாமல் வெளியே வருகிறது. காட்டினால் நறுக்கி எடுத்துவிடுவார்கள். அதோடு காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டினாலோ சிவப்பு பரவினாலோ அது வேறு கதை, தொற்று.

கீறலின் இரு முனைகளிலும் சின்னக் கூம்பாகத் தோல் துருத்தினால் அதற்கு நாய்க்காது என்று பெயர். ஆறு மாதம் பொறுங்கள், பாதி தானே அமுங்கும். மீதியை ஊசி மரப்பு கொடுத்துச் சின்னதாக வெட்டலாம்.

மார்ச் 17 · புதுவரவு

இரண்டாவது வாரம் வேலை என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

மார்ச் 17 · தையல்காரர்

முழுதாக வாங்க வேண்டாம். உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் சிலர் இரண்டு வாரத்தில் போகிறார்கள், மூன்று என்று சொல்லி வைப்பது புத்திசாலித்தனம். நின்று, தூக்கிச் செய்யும் வேலைக்கு ஆறு வாரமோ அதற்கு மேலோ. வண்டி ஓட்ட: வலுவான வலிமாத்திரை நின்றிருக்க வேண்டும், யோசிக்காமல் பிரேக்கை ஓங்கி மிதிக்க முடிய வேண்டும். நின்ற வண்டியில் உட்கார்ந்து மிதித்துப் பாருங்கள். வயிறு பதில் சொல்லும்.

காலையில் தட்டையாகவும் மாலையில் உப்பியும் இருப்பது மாதக்கணக்கில் நடக்கும். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு முன் கண்ணாடியைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

மார்ச் 17 · இரவுப்பணி

பெல்ட் ஆறு வாரம், முதல் சில வாரம் குளிக்கும் நேரம் தவிர நாள் முழுக்க. இரண்டு வாங்குங்கள், ஒன்று துவைக்க. உள்ளே விரல் நுழையும் இறுக்கம் போதும். உட்காரும்போது சுருண்டு மடிப்பு விழுந்தால் அந்த மடிப்பு மரத்த தோலில் பள்ளம் பதிக்கும், உங்களுக்குத் தெரியாது. அதனால் அவ்வப்போது கண்ணாடியில் பார்த்து இழுத்து நேராக்குங்கள். கொக்கி முன்பக்கம் உள்ளதாகப் பாருங்கள். தலைவழியாக மாட்டுவதை வாங்கினால் முதல் வாரத்தில் போட இரண்டு ஆள் வேண்டும்.

மார்ச் 18 · தையல்காரர்

அறுவைக்கு முன் உள்ள அளவுக்கு வாங்கினால் பிறகு பெரிதாகும் என்று சின்ன அளவு வாங்குகிறவர்கள் உண்டு. முதல் இரண்டு வாரம் வீக்கத்தில் முன்பைவிடப் பெரிய இடுப்பாக இருக்கும். முதல் பெல்ட் இப்போதைய அளவில். இரண்டாவதை வீக்கம் வடிந்த பிறகு வாங்குங்கள்.

மார்ச் 18 · இரவுப்பணி

அப்போது ஒன்றைத் துவைக்கும்போது எதைப் போடுவது?

மார்ச் 18 · தையல்காரர்

சரி. மூன்று.